கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் கல்யாணம்: இடம் பார்க்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம். தங்கை கல்யாணத்தைக் கடலோர ரிசார்ட்டில் வைப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் நான்கு இடம் பார்த்தாயிற்று. நான்கு இடத்திலும் ஒரே மாதிரி ஆல்பத்தைக் காட்டுகிறார்கள், எதைக் கேட்டாலும் "செஞ்சுடலாம் சார்" என்கிறார்கள். வாடகையைத் தவிர வேறு எதை வைத்து ஒப்பிடுவது என்றே தெரியவில்லை.

விவரம் இது: முதல் நாள் மாலை வரவேற்புக்கு 500 பேர். மறுநாள் காலை 6 முதல் 7.30க்குள் முகூர்த்தம், அதற்கு 250 பேர். ஹோமம் வளர்த்துச் செய்யும் சடங்கு. சைவச் சாப்பாடு, இலை போட்டுப் பந்தி. முக்கால்வாசிப் பேர் சென்னையிலிருந்து வருகிறவர்கள், அதில் எண்பது பேராவது அறுபதைத் தாண்டியவர்கள். ஜோசியர் கார்த்திகையில் இரண்டு நாளும் மாசியில் ஒரு நாளும் குறித்துக் கொடுத்திருக்கிறார். தங்கைக்கு ஒரே ஓர் ஆசைதான்: கடல் பின்னால் தெரிய மணமேடை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். எந்த மாதம், எந்த மாதிரி இடம், ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்க வேண்டும்?


மேடைக்காரன் எழுதியது:

தங்கையின் ஆசையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலரும் கடைசி வாரத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். முகூர்த்தத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கிழக்கு பார்த்து உட்காருவார்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. ஆக, கடல் அவர்களுக்கு முன்னால்தான் இருக்கும், பின்னால் இருக்காது. எதிரே நின்று எடுக்கிற படத்தில் பின்னணியாக வருவது ரிசார்ட் கட்டடமும் ஏசி அவுட்டோர் யூனிட்டும்தான். ஆல்பத்தில் காட்டுகிற கடல் பின்னணி மேடை எல்லாமே மேற்கு பார்த்துப் போட்டவை, பெரும்பாலும் வரவேற்பு மேடைகள்.

வடக்கு பார்த்து உட்காரச் சில புரோகிதர்கள் சம்மதிப்பார்கள். அப்படியானால் கடல் அவர்களுடைய வலது கைப்பக்கம் வரும். கேமரா வடமேற்கு மூலையில் நின்றால் படத்தில் கடல் சாய்வாக விழும். இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டுப் புரோகிதரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். அவர் கிழக்குதான் என்றால், முகூர்த்தத்தை மண்டபத்துக்குள் வைத்து, கடல் மேடையை வரவேற்புக்கு வைத்துக்கொள்வதே சரி.

அடுத்தது காற்று. மாசியில் விடியற்காலை தரையிலிருந்து கடல் பக்கம் மெல்லிய காற்றுதான் இருக்கும். கிழக்கு பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் ஹோம குண்டம் இருப்பதால் புகை அவர்களைவிட்டு விலகிக் கடல் பக்கம் போகும். முற்பகலில் கடற்காற்று திரும்பிவிட்டால் அதே புகை நேரே கண்ணில். அதனால் 9 - 10.30 முகூர்த்தம் என்றால் வெட்டவெளி வேண்டாம் என்றே சொல்வேன். உங்களுடைய 6 - 7.30 பரவாயில்லை, ஆனால் மாசியில் சூரியோதயம் ஆறரை மணி சுமாருக்கு. பாதிச் சடங்கில் சூரியன் நேர் எதிரே வந்து நிற்கும். மேலே பந்தல் போட்டாலும் தாழ்ந்த வெயிலை அது மறைக்காது. கிழக்குப் பக்கம் திரை கட்டினால் எதற்காக இவ்வளவு தூரம் வந்தோமோ அந்தக் கடலே மறைந்துவிடும்.

கார்த்திகையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவம் உச்சத்தில் இருக்கும் மாதம் அது. வர்தா புயல் சென்னையைத் தாக்கியது 2016 டிசம்பர் 12. மாண்டஸ் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் பக்கத்திலேயே கரை கடந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் மழை. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. நான்கும் கார்த்திகை மாதத்துக்குள்தான் வருகின்றன. புயல் வராத வருஷத்திலும் வடகிழக்குக் காற்று நாள் முழுக்க மேடைக்கு எதிராகவே வீசும், அலை மணலை அரித்துக் கரை குறுகிவிடும். கார்த்திகை நாளையே எடுப்பதாக இருந்தால், கடலோர ரிசார்ட்டுக்குள் இருக்கும் மண்டபத்தைத்தான் வாடகைக்கு எடுக்கிறோம் என்று மனதைத் தயார்செய்துகொண்டு எடுங்கள். என் ஓட்டு மாசிக்கு.

மேடை அமைப்பில் எங்கே தப்பு நடக்கிறது என்றால், பேக்டிராப்பில். 20 அடி அகலம், 10 அடி உயரத்துக்குத் துணியோ ஃபிளெக்ஸோ கட்டினால் அது பாய்மரம். கணக்கு எளிது: 36 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு அந்தப் பரப்பில் சுமார் 135 கிலோ எடை தள்ளுகிற விசை விழும். வேகம் 54 ஆனால் விசை இரண்டே கால் மடங்கு, அதாவது 300 கிலோவுக்கு மேல். மணலில் அடித்த கம்பி இதைத் தாங்காது. ஃபிரேமின் பின்பக்கம் ஐந்தடி தள்ளித் தாங்கு கொடுத்து, அதன் அடியில் தண்ணீர் நிரப்பிய 200 லிட்டர் டிரம் குறைந்தது இரண்டு வைக்கச் சொல்லுங்கள். 54 வேகக் காற்றுக்கும் தாங்க வேண்டுமென்றால் மூன்று. அதைவிட நல்லது பேக்டிராப்பே வேண்டாம் என்பது: நான்கு தூண், மேலே ஒரு சட்டம், காற்று ஊடே போகிற மாதிரி மல்லிகைச் சரமும் சாமந்திச் சரமும். கடல் தெரிய வேண்டும் என்றுதானே கேட்கிறார், அதைத் துணி போட்டு ஏன் மறைக்க வேண்டும்?

குண்டத்துக்கு மூன்று பக்கமும் இரண்டடி உயரத்துக்குத் தகரத் தடுப்பு வேண்டும். பக்கத்தில் வைக்கோல், தெர்மோகோல், செயற்கைப் பூ எதுவும் கூடாது. ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.


ஒளிவட்டம் எழுதியது:

மேடைக்காரன் சொன்ன திசைக் கணக்கோடு வெளிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊரில் வரவேற்பு ஏழு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். மாசி நடுவில் சூரிய அஸ்தமனம் 6.15 சுமாருக்கு. ஆறே முக்காலுக்கு மேல் மேடைக்குப் பின்னால் இருப்பது கடல் இல்லை, வெறும் கறுப்பு. கடலுக்காகக் கூடுதல் வாடகை கொடுத்துவிட்டு 500 பேரில் 400 பேர் அதைப் பார்க்காமலேயே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதனால் பத்திரிகையிலேயே "மாலை 5 மணி முதல்" என்று போடுங்கள். வருகிறவர்களுக்குத் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் சுக்குக் காபியும் கொடுத்தால் கரையோரமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் 4.45க்கெல்லாம் மேடையில் இருக்க வேண்டும். மேக்கப் ஒரு மணிக்குத் தொடங்கினால்தான் அது நடக்கும்.

லானில் நிழல் எப்போது விழும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டடம் மேற்கே இருக்கும். அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் 30 அடி உயரக் கட்டடத்தின் நிழல் 110 அடிக்கு மேல் நீளும். லான் 100 அடி ஆழம் என்றால் 5.10க்கே மேடை முழுக்க நிழலுக்குள் வந்துவிடும். நிழல் முகத்துக்கு நல்லதுதான், ஆனால் பின்னால் கடலும் வானமும் பிரகாசமாக இருக்கும். முன்பக்கம் விளக்கு இல்லாமல் எடுத்தால் முகம் கறுத்துப் போகும். வெளிச்சத்தை மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸோடு இரண்டு விளக்கு, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் ஒரு மணல் மூட்டை. இதை முன்கூட்டியே புகைப்படக்காரரிடம் பேசிவிடுங்கள்.

தங்கைக்குக் கடலோடு படம்தான் முக்கியம் என்றால் முகூர்த்தம் முடிந்ததும் 7.45லிருந்து அரை மணி நேரம் கரைக்கு அழைத்துப் போகலாம். சூரியன் கடல் பக்கம் இருப்பதால் முகத்துக்கு நேரே வெளிச்சம் விழாது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் வடக்கோ தெற்கோ பார்க்க நிறுத்தினால் கண் கூசாது, பட்டும் மின்னும். எட்டரைக்கு மேல் வெயில் கடுமையாகிவிடும்.

டிரோன் கேட்டால் யோசிக்காமல் சரி என்று சொல்லாதீர்கள். இந்தப் பட்டையில் ஒரு பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையம், இன்னொரு பக்கம் மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும். டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் ரிசார்ட் இருக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள். சிவப்பில் விழுந்தால் மறந்துவிடலாம், மஞ்சளுக்கு அனுமதி வாங்க வேண்டும். கடற்கரைக் கோயில் பக்கம் பறக்கவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை ஒப்பந்தம் செய்யாதீர்கள்.


பந்திவிசாரிப்பு எழுதியது:

சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி. நீங்கள் பார்த்த நான்கு இடத்திலும் சமையற்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா? யாரும் காட்டியிருக்க மாட்டார்கள், நாமாகத்தான் கேட்டுப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: வெளிச் சமையலை அனுமதிப்பார்களா? நட்சத்திர விடுதிகள் பல தங்கள் சமையலைத்தான் எடுக்கச் சொல்லும். பஃபே நன்றாகவே செய்வார்கள். ஆனால் 250 பேருக்கு இலை போட்டு, வரிசை தவறாமல் பரிமாறுகிற ஆட்கள் அவர்களிடம் இருக்கிறார்களா என்பது வேறு விஷயம். பரிமாற இருபது இலைக்கு ஓர் ஆளாவது வேண்டும். வெளிச் சமையலுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அது மொத்தத் தொகையா, இலைக் கணக்கா என்று எழுதி வாங்குங்கள். பாத்திரம் கழுவ இடம், குப்பை அள்ளுவது, கேஸ் சிலிண்டர் வைக்க இடம், இரவு ஒரு மணிக்குக் காய்கறி வண்டி உள்ளே வர அனுமதி, இவையெல்லாம் அந்தக் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் சேர்த்து.

இரண்டாவது, தண்ணீர். கடலோரத்துக் கிணறும் போர்வெல்லும் பல இடத்தில் உப்பு. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் குழையாது, காபி திரியும், சாதம் மஞ்சளடிக்கும். நேரே போய் சமையற்கட்டுக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். வரவேற்பறையில் தருகிற பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து பிரயோஜனமில்லை. சமையல், கழுவல், கைகழுவல் எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டுக்கு ஆளுக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்கிறோம். உங்களுக்கு இரவு 500, காலை டிபன் 250, மதியம் 250, மொத்தம் 1000 இலை. அதாவது 15,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்றும் 6,000 லிட்டர் லாரி ஒன்றும் சொல்லி வைத்தால் நிம்மதி. அதை இறக்கி வைக்கத் தொட்டி இருக்கிறதா, லாரி திரும்புகிற அளவுக்குப் பின்வாசல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுப்பு கடற்காற்றுப் படுகிற இடத்தில் இருக்கவே கூடாது. தீ ஒருபக்கமாகச் சாய்ந்து பாத்திரத்தின் விளிம்புதான் சுடும், நடுவில் வேகாது. கேஸ் செலவு ஏறும், பந்தி தாமதமாகும். கட்டடத்துக்கு மேற்கே, மூன்று பக்கம் மறைவாக இருக்க வேண்டும். அங்கிருந்து பந்திக் கூடம் நூறடிக்குள் இருந்தால் இட்லியும் பொங்கலும் சூடாக வந்து சேரும்.

பந்தியை மட்டும் தயவுசெய்து வெளியில் போடாதீர்கள். காற்றில் இலை புரளும், அப்பளம் பறக்கும், உப்பும் சர்க்கரையும் ஈரம் கோர்க்கும், அதோடு மணல். 125 பேர் உட்காரும் கூடம் கிடைத்தால் காலை இரண்டு பந்தி, ஒரு பந்திக்கு 40 நிமிஷம். இரவு பஃபேயை லானில் வைத்தாலும் காற்றுக்கு மறைப்பு வேண்டும். மறைப்பில்லாவிட்டால் பாத்திரத்துக்கு அடியில் எரிகிற ஜெல் விளக்கு பத்து நிமிஷத்தில் அணைந்துவிடும். தோசை, ஆப்பம் போன்ற உடனடி அயிட்டங்களைக் கட்டடத்தை ஒட்டி வையுங்கள். கொசுமருந்துப் புகையை மாலை நான்கரைக்குள், உணவு வெளியே வருவதற்கு முன்பே அடித்து முடிக்கச் சொல்லுங்கள்.

வயதானவர்கள் எண்பது பேர் என்கிறீர்கள். மணலில் நாற்காலியின் கால் புதையும், எழும்போது சாயும். அவர்கள் உட்காரும் பகுதிக்குக் கீழே பிளைவுட் போட்டு அதன்மேல் கார்பெட். நடைபாதை முழுக்க ஐந்தடி அகலத்துக்குப் பலகை, சக்கர நாற்காலி போகிற மாதிரி. பந்திக் கூடத்துக்கும் கழிப்பறைக்கும் படியேறாமல் போக முடியுமா என்று நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள்.


கோவளம்வாசி எழுதியது:

அனுமதி, ஒப்பந்தம் இரண்டைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

ரிசார்ட்டின் எல்லை அதன் மதிற்சுவரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் இருக்கும் மணல் ரிசார்ட்டுக்குச் சொந்தமானதல்ல, பொது இடம். "தனியார் கடற்கரை" என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் இதுதான் நிலை. அங்கே மேடை போடலாம் என்று சொன்னால், எந்த அலுவலகத்தில் அனுமதி வாங்குவார்கள், அதை எழுத்தில் உங்களிடம் காட்டுவார்களா என்று கேளுங்கள். பல இடத்தில் அந்த மணல் பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் படகு ஏற்றி, வலை உலர்த்துகிற இடம். அதிகாலையில் அவர்கள் தொழிலுக்குப் போகிற வழியில் நாற்காலி போட்டு மறிப்பது நியாயமில்லை. லானுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம்: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பின்னால் வந்த திருத்தத்தில் இசைக்கருவிகளும் இதில் சேர்ந்துவிட்டன. மூடிய அரங்குக்குத்தான் விலக்கு. உங்கள் முகூர்த்தம் ஆறுக்கு என்றால் காசியாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் நாலரைக்கே தொடங்கும். அந்த நேரத்தில் லானில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்க முடியாது. முகூர்த்தம் மண்டபத்துக்குள் என்பதற்கு இது இன்னொரு காரணம். வரவேற்புக் கச்சேரி 9.45க்கு முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் ரிசார்ட் வளாகத்துக்குள்ளேயே நடக்கட்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதற்கு இடமில்லை.

மாசி என்றால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வரும் காலம். கரையில் வெளிச்சமும் நடமாட்டமும் இருந்தால் தாய் ஆமை முட்டையிடாமலேயே திரும்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை விட்டுவிட்டுச் சாலைப் பக்கம் போய்விடும். அதனால் விளக்குகள் எல்லாம் கட்டடத்தைப் பார்த்து இருக்கட்டும், கடலைப் பார்த்து ஒன்றுகூட வேண்டாம். லேசர், வானத்தை நோக்கிய பீம் விளக்கு, பறக்கும் விளக்கு, வாணவேடிக்கை எதுவும் வேண்டாம். நிகழ்ச்சி முடிந்ததும் லான் விளக்கை அணைத்துவிடச் சொல்லுங்கள். கல்யாணத்தின் அழகு இதனால் துளியும் குறையாது.

ஒப்பந்தத்தில் முதல் வரி மழை பற்றித்தான் இருக்க வேண்டும். லானை மட்டும் பதிவு செய்யாதீர்கள். அதே தேதியில் மண்டபமும் உங்கள் பேரில் இருக்கிறது, வேறு யாருக்கும் கொடுக்கப்படாது என்று எழுதி வாங்குங்கள். "மழை வந்தா ஹால் கொடுத்துடுவோம்" என்று வாயால் சொல்வது போதாது. மழை வருகிற நாளில் அந்த மண்டபத்தில் இன்னொரு கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். உள்ளே மாற்றுவதா என்பதை யார், எத்தனை மணிக்கு முடிவு செய்வது என்றும் எழுதுங்கள். மாலை 5 மணி நிகழ்ச்சிக்குக் காலை 10 மணி சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் டெகரேஷன்காரர் மேடையைப் பிரித்து உள்ளே கட்ட நேரம் இருக்காது. வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விட்டால் தேதியை மாற்றிக்கொள்ளலாம், கொடுத்த முன்பணம் அப்படியே புதிய தேதிக்குப் போகும் என்று ஒரு வரி. இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் கார்த்திகைக் கல்யாணம் வைக்கக் கூடாது.

அறை விஷயம்: செக் இன் மதியம் 2, செக் அவுட் மறுநாள் 11 என்பது வழக்கம். உங்களுக்கு மேக்கப் அறை முதல் நாள் காலை 11க்கே வேண்டும். மறுநாள் மதியச் சாப்பாடு முடியவே ஒன்றரை ஆகும். குறைந்தது ஆறு அறைகளுக்கு முன்கூட்டி நுழையவும் தாமதமாக வெளியேறவும் கட்டணமில்லாமல் எழுதி வாங்குங்கள். அதே நாளில் வளாகத்தில் வேறு கல்யாணம் உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால் இரண்டு நாதஸ்வரமும் ஒன்றோடொன்று மோதும், வாகன நிறுத்தமும் பாதியாகும்.

வரியைத் தனியாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓர் இரவு அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அப்படிப்பட்ட விடுதிகளில் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் 18 விழும். வரி சேர்க்காத விலையை வைத்து இரண்டு இடத்தை ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். குறைந்தபட்ச இலை எண்ணிக்கையும் அப்படித்தான். 500 என்று எழுதிவிட்டு 420 பேர் வந்தாலும் 500க்குத்தான் பணம். 425 என்று எழுதி, கூடுதலாக 15 சதவீதம் வரை அதே விலையில் தருவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு உரிமத்துக்கு என்று தனியாகப் பணம் கேட்டால், பதிப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவைச் சொல்லுங்கள். கல்யாணமும் அதைச் சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் விலக்குப் பெற்றவை. 2023 ஜூலையில் மத்திய அரசு இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பும் கொடுத்தது. நிறுவன நிகழ்ச்சிகளுக்கு இந்த விலக்கு கிடையாது.


பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வீட்டில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். புரோகிதரிடம் கேட்டாயிற்று, கிழக்குதான் என்கிறார். மாசி நாளையே எடுத்துக்கொள்கிறோம். முகூர்த்தம் மண்டபத்தில், வரவேற்பு லானில், மாலை 5 மணிக்கு. தங்கையும் சம்மதித்துவிட்டாள்.

இப்போது இரண்டு இடம் மிஞ்சியிருக்கிறது. முதல் இடத்தில் லான் மிகப் பெரியது, முன்னால் நல்ல மணல் கரை, ஆனால் மண்டபத்தில் 180 பேர்தான் உட்காரலாம். 40 அறை. இரண்டாவது இடத்தில் லான் சுமார் 9,000 சதுர அடிதான், முன்னால் மணலே இல்லை, அரிப்புக்காகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். மண்டபம் 350 பேருக்கு, 65 அறை, பந்திக் கூடம் தனியாக 130 பேருக்கு. வாடகை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பது? ஜெனரேட்டர் இருவரிடமும் இருக்கிறது என்கிறார்கள், அதில் என்ன கேட்க வேண்டும்?


கோவளம்வாசி எழுதியது:

இரண்டாவது. முகூர்த்தத்துக்கே 250 பேர் என்றால் 180 பேர் மண்டபத்தில் எழுபது பேர் நிற்க வேண்டும். மழை வந்து 500 பேர் உள்ளே வந்தால் கேட்கவே வேண்டாம்.


ஒளிவட்டம் எழுதியது:

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. மாசியில் மழைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. கருங்கல் கொட்டிய கரையில் காலைப் படம் எடுக்க முடியாது, கல் வழுக்கும், பட்டுப்புடவையோடு இறங்குவது ஆபத்து. தங்கையின் ஆசையில் மிச்சமிருப்பது அந்த அரை மணி நேரம்தான். முதல் இடத்துக்காரரிடம், மண்டபத்தை ஒட்டிய வராந்தாவையும் சேர்த்து நாற்காலி போட முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.


பந்திவிசாரிப்பு எழுதியது:

முதல் இடத்தில் பந்தி எங்கே போடுவார்கள்? தனிக் கூடம் இருப்பதாக அவர் சொல்லவில்லையே. முகூர்த்தம் முடிந்ததும் அதே மண்டபத்தைக் காலிசெய்து மேஜை போட வேண்டியிருந்தால் டிபன் எட்டே காலுக்கு முன்னால் தொடங்காது. அதிகாலை மூன்றரைக்கு எழுந்த பெரியவர்கள், மாத்திரை போட வேண்டியவர்கள், அவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. அறைக் கணக்கையும் பாருங்கள். ஆறு மணி முகூர்த்தத்துக்குச் சென்னையிலிருந்து வர நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும், பாதிப் பேராவது முதல் நாளே தங்குவார்கள். அறைக்கு இரண்டரைப் பேர் வைத்தால் 40 அறையில் 100 பேர், 65 அறையில் 160க்கு மேல். எண்பது பெரியவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களையும் தங்க வைக்க இரண்டாவது இடம்தான் போதும். கடலோடு படத்துக்கு மணல் இருக்கிற கரையாகப் பார்த்து வண்டியில் பத்து நிமிஷம் போய்வரலாம்.


ஒளிவட்டம் எழுதியது:

பந்திக் கணக்கை நான் யோசிக்கவில்லை, அது சரிதான். அப்படியானால் டிபன் முடிந்து வேறு கரைக்குப் போக எட்டரை ஆகிவிடும், வெயில் வந்துவிடும். காலைப் படத்தை விட்டுவிட்டு, முதல் நாள் மாலை 4.15லிருந்து 4.45 வரை மணல் கரையில் எடுத்துக்கொண்டு நேரே மேடைக்கு வந்துவிடுங்கள். மேக்கப்பைப் பன்னிரண்டு மணிக்கே தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.


மேடைக்காரன் எழுதியது:

இரண்டாவது இடத்துக்கே என் ஓட்டும். வரவேற்பில் 500 பேர் என்றாலும் ஒரே நேரத்தில் இருப்பது 300 பேர்தான். 300 நாற்காலிக்கு 3,000 சதுர அடி, மேடைக்கும் வாழ்த்த வரும் வரிசைக்கும் 1,500, பஃபேக்கு 2,500, மிச்சம் நடமாட. 9,000 போதும். கருங்கல் பக்கம் குழந்தைகள் இறங்காமல் இருக்க லானின் கிழக்கு ஓரம் நாலடித் தடுப்பும் இரண்டு காவலாளியும் கேளுங்கள். நீச்சல்குளம் லானை ஒட்டி இருந்தால் அதற்கும் இதே ஏற்பாடு. இந்தக் கடலில் யாரையும் குளிக்க இறங்க விடாதீர்கள், கரையோரத்திலேயே இழுப்பு இருக்கிறது.

வாகன நிறுத்தத்தை மறந்துவிட்டோம். 500 பேருக்கு 150 கார் வரும். ஒரு காருக்குத் திரும்புகிற இடமும் சேர்த்து 25 சதுர மீட்டர், மொத்தம் 3,750. கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அவ்வளவு இடமில்லை என்றால் பக்கத்து மனையை அவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். சாலையோரம் நிறுத்தவே கூடாது. திருவான்மியூரிலிருந்து 49 சீட் பஸ் இரண்டு விட்டால் முப்பது கார் குறையும், இரவில் ஓட்டத் தயங்குகிற பெரியவர்களுக்கும் நல்லது.

ஜெனரேட்டருக்கு வருவோம். "இருக்கிறது" என்றால் அது பெரும்பாலும் அறைகளுக்கும் மண்டபத்து ஏசிக்கும் இருப்பது. லானுக்கு அதிலிருந்து எத்தனை கிலோவாட் தருவார்கள் என்று கேளுங்கள். உங்கள் தேவை தோராயமாக: மேடை விளக்கும் அலங்கார விளக்கும் 15 கிலோவாட், ஒலி அமைப்பு 8, எல்இடி சுவர் 12க்கு 8 அடி என்றால் 6, விசிறியும் பஃபே பகுதியும் 6. மொத்தம் 35. 62.5 கேவிஏ ஜெனரேட்டர் 50 கிலோவாட் தரும். 70 சதவீதத்துக்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்லது, ஆக அது சரியாக இருக்கும். ஆனால் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அதே அளவில் இன்னொன்று, மாற்றும் சுவிட்சோடு இணைத்து, தயாராக நிற்க வேண்டும். மாலை 3 மணிக்கு முழு லோடும் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுக்குக் கீழ்ப்பக்கம், விருந்தினர் இருக்கும் இடத்துக்கு மேற்கே 100 அடியாவது தள்ளி நிறுத்தினால் புகையும் சத்தமும் வராது.

காய்ந்த மணலில் எர்த் சரியாகக் கிடைக்காது. தனி எர்த் பிட் இருக்க வேண்டும், லானுக்குப் போகிற ஒவ்வொரு லைனிலும் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். கேபிள் இணைப்புகள் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. உப்பு ஈரம் ஒரே மாலையில் உள்ளே இறங்கிவிடும். எல்லா ஜாயிண்டும் முழங்கால் உயரத்தில், பெட்டிக்குள். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற ஈரப் புல்தரை அது, எலக்ட்ரீஷியன் இதில் சாக்குச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை போய்வாருங்கள். பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டி, மாலை 4 மணிக்குப் போய் 7.30 வரை இருங்கள், அலை எதுவரை ஏறுகிறது, கல்லில் மோதித் தெறிக்கும் நீர் லானுக்கு வருகிறதா, கட்டட நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது, காற்று எந்தப் பக்கம், எல்லாம் அந்த மூன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மேடை வைக்கும் இடத்தில் ஒரு புடவையை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். காற்றின் இழுப்பு கையிலேயே தெரியும்.


பாலாற்றங்கரை எழுதியது:

இரண்டாவது இடத்தையே எடுக்கிறோம். வரும் பௌர்ணமிக்கு அம்மா, தங்கை, டெகரேஷன்காரர் மூவரையும் அழைத்துக்கொண்டு போகிறேன். சமையற்கட்டுத் தண்ணீரையும் குடித்துப் பார்க்கிறேன். மண்டபத் தேதி, காலை 10 மணி முடிவு, ஆறு அறை, இரண்டு ஜெனரேட்டர், 425 இலை, இந்த ஐந்தும் எழுத்தில் வந்த பிறகுதான் முன்பணம்.